தள்ளிக்கொண்டு வந்தவர்

முச்சக்கரவண்டியில் ஏறி அமர்ந்ததும், வண்டி நகர்வதற்கு முன்னரே, சாரதியின் முதுகைப் பார்த்து அவர் சொல்லிவிடுவார்:

"எனக்கு இந்த வண்டியெல்லாம் ஓடத் தெரியா, தம்பி."

சாரதி கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்ப்பான். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, மடியில் குடை. ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர்.

"அதுக்கென்ன ஐயா? ஓடுறதுக்குத்தானே நான் இரிக்கன்."

"ஓம். சொல்லி வைக்கிறன்."

வாழ்வின் பிற்பகுதி முழுவதும் அத்தான் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவரிடம் சொன்னார். கலியாண வீடுகளில், வெற்றிலைத் தட்டை நீட்டியவரிடம் சொன்னார். மருந்துக் கடையில் மருந்து வாங்கிக்கொண்டே சொன்னார். எவரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள், அல்லது பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். நான் உடனிருந்த வேளைகளில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு முன்பு ஒரு காலம் இருந்தது. அப்போது அதே உண்மையை அவர் ஒரு மனிதரும் அறியாமல் காத்தார். அந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே ஒரு மாலையில் என் அக்கா இறந்துபோனாள். அவள் அவருடைய மனைவி.

அவரை நான் முதலில் அறிந்தது ஓர் ஒலியாகத்தான். வவுணதீவுக்கு அப்பால், கரடியனாற்றுப் பக்கம் செல்லும் வீதியிலிருந்து விலகிய ஒரு வயற்கிராமத்தில் அக்காவின் வீடு இருந்தது. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. மணம் முடித்து வருகிற ஆண் அதில் வந்து வாழ்கிறான். அத்தானும் அப்படி வந்தவரே. விவசாயப் போதனாசிரியர். திணைக்களம் அவருக்குச் சிவப்பு நிற மோட்டார் சைக்கிள் ஒன்று கொடுத்திருந்தது. நான் நகரத்தில் விரிவுரையாளனாக இருந்தேன். விடுமுறையில் போய் அந்த வீட்டில் தங்கியபோது, காலையில் என்னை எழுப்பியது அந்த இயந்திரத்தின் முழக்கம்.

முற்றத்தில், முருங்கை மரத்தடியில், அவர் அதனை உதைத்து இயக்குவார். கைப்பிடியை முறுக்கி இரையவிடுவார். அயல் வீடுகளில் கோழிகள் சிதறும். பிறகு தலையில் ஹெல்மெற்றை இட்டு, பட்டியை நாடியின் கீழ் இறுக்கி, வண்டியை வேலிப் படலை வரை உருட்டிச் சென்று, அங்கே இயந்திரத்தை நிறுத்துவார். அதன் பின்னர் வீதியில் தள்ளிக்கொண்டு போவார்.

"ஏன் ஐயா, தள்ளிட்டுப் போறீங்க?" என்று யாரேனும் கேட்பார்கள்.

"பெற்றோல் கிடைக்காதே. அவசரத்துக்கு இரிக்கட்டும்."

அந்தப் பதிலில் எவரும் குறை காண முடியாது. யுத்த காலம் அது; வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் எரிபொருள் கொண்டுவருவதற்குத் தடை இருந்தது. வண்டியின் தாங்கியில் உள்ளதற்கு மேல் ஒரு போத்தல்கூடச் சோதனைச்சாவடியைக் கடக்காது. வண்டி வைத்திருந்த எல்லோருமே அதனைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். கர்ப்பிணிக்கு, பாம்பு கடித்தவனுக்கு, பீரங்கிச் செல் விழும் நாளுக்கு. ஆகவே ஹெல்மெற் அணிந்த ஒரு மனிதர் வேர்க்க விறுவிறுக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது, பொறுப்புள்ள உத்தியோகத்தர் ஒருவரின் சிக்கனமாகவே காணப்பட்டது. வயல் வரம்புகளிலும் தள்ளியே சென்றார். வண்டி ஓடினால் வரம்பு உடையுமாம். விவசாயிகள் அதையும் மெச்சினார்கள்.

நான் அக்காவிடம் கேட்டேன்.

"அத்தான் எப்பவும் தள்ளிட்டுத்தான் வருவாரா?"

அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நிற்கவில்லை.

"மாட்டை மேய்க்கிறவனைக் கண்டிருக்காய். உன்ட அத்தான் மோட்டச்சைக்கிள் மேய்க்கிறார்."

சிரித்துவிட்டு, படலைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ அவர்ட்ட கேட்டுப்போடாத, தம்பி. அவருக்கு ஓடத் தெரியா."

"தெரியாதா? அப்ப ஏன் வண்டியை வாங்கினவர்?"

"மெல்லமாக் கதை கா! பக்கத்து வளவுக்குக் கேக்கும்."

அவருடைய காற்சட்டையின் வலது காலோரத்தில் எப்போதும் ஒரு கறுப்புக் கிறீஸ் கறை இருக்கும். சங்கிலி உரசியதால் வந்தது என்று பார்ப்பவர் எண்ணுவார்கள். அதைத் தோய்த்துப் போக்குவதற்கு அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர் அதைத் தம் விரலால் பூசிக்கொள்வதைத் தான் கண்டதாக அவள் சொன்னாள். கண்டதை அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. கறையைக் கழுவினாள். மறுநாள் அவர் பூசினார். மறுகா அவள் கழுவினாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து வளர்த்தது இந்த ஒரு பொய்யைத்தான் என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன்.

அவர் வாவிக் கரையில் மீன்பிடிக் குடியொன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கே தோணியில் போனவர். நின்றபடி கம்பூன்றித் தோணி விடுவதில் அவருக்கு நிகராக ஒருவரை நான் கண்டதில்லை. ஆடுகிற தோணியில் ஒரு காலில் நின்று மறுகாலால் வலையை ஒதுக்குவார். அப்படிப்பட்டவருக்கு இரண்டு சக்கரங்களில் உடல் நிற்கவில்லை. விவசாயக் கல்லூரியின் விடுதியில் சக மாணவர்கள் அவரைச் சைக்கிளில் ஏற்றி மைதானத்தில் உருட்டிவிட்டிருக்கிறார்கள். விழுந்தபோது எழுந்த சிரிப்பை அவர் எனக்கு ஒருமுறை விவரித்தார். விழுந்த வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நியமன நாளில் மேலதிகாரி ஒருவர், "மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாதவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று கேட்டாராம். மண்டபத்தில் ஒரு கையும் உயரவில்லை. அவருடைய கையும் மடியிலேயே கிடந்தது. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பிறகு காட்டலாம் என்றார்கள். யுத்தம் நடக்கிற மாவட்டத்தில் அந்தப் பிறகு வரவில்லை.

பழகிக்கொள்ள ஒருமுறை முயன்றார். அக்காதான் வற்புறுத்தினாள். அறுவடை முடிந்த வயல்வட்டையில், ஆளரவம் இல்லாத நேரம் பார்த்து, அவரை வண்டியில் ஏற்றிவிட்டு, அவள் பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வண்டி சிறிது தூரம் போய்ச் சரிந்தது. அவ்வேளை பார்த்து வரம்பின் மேல் ஒரு கமக்காரர் வந்துவிட்டார். அத்தான் எழவில்லை. விழுந்த இடத்திலேயே குந்தி, வைக்கோல் தாளைப் பிரித்துக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

"வெட்டின வயலுக்குள்ள என்ன ஐயா தேடுறீங்க?"

"பூச்சி."

"இப்பயா?"

"இப்பத்தான் பாக்கோணும். அடுத்த போகத்துக்கு இஞ்சதான் ஒளிச்சிருக்கும்."

கமக்காரர் பணிவோடு தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த நாட்களில் அந்த வட்டைக்காரர்கள் பலர் வெட்டிய வயலில் குந்தியிருந்து பூச்சி தேடியதாக அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. அதற்குப் பின்னர் அவர் வண்டியில் ஏறவுமில்லை. அக்கா இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள்.

"அவசரத்துக்கு இரிக்கட்டும் எண்டு சொல்றீங்க. அவசரம் வந்தா ஆரு ஓடுற?"

"அவசரம் வந்தா எல்லாம் வரும்," என்றார்.

மாதத்தில் ஒருமுறை கூட்டத்துக்காக அவர் நகரத்துக்கு வர வேண்டும். வாவிக் கரையிலிருந்த சோதனைச்சாவடியில் ஒரு விதி இருந்தது. கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே எல்லோரும் வண்டியிலிருந்து இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். ஏறியிருந்து வந்தவன் சுடப்படலாம். வியாபாரிகள், ஆசிரியர்கள், அலுவலக எழுதுவினைஞர்கள் என எல்லோரும் வெயிலில் தலை குனிந்து தள்ளினார்கள். அவ்வரிசையில் நானும் பல நாள் நின்றிருக்கிறேன். அவமானம் மிகுந்த நடை அது. அத்தான் மாத்திரம் அங்கே நிமிர்ந்து நடந்தார். அந்தச் சிறு தூரத்தில் மட்டுமே அவர் மற்ற எல்லோரையும் போல் இருந்தார். காவலில் நின்ற சிங்களச் சிப்பாய்களுக்கும் அவரைத் தெரியும்; தங்கள் மொழியில் 'மாத்தையா', ஐயா, என்பார்கள். "மாத்தையா நல்ல மனுசன், தூரத்திலயே இறங்கிறது," என்று ஒருவன் அரைகுறைத் தமிழில் பாராட்டியதைக் கேட்டிருக்கிறேன். சாவடியைக் கடந்ததும் மற்றவர்கள் ஏறிப் பறந்துவிடுவார்கள். அவர் குனிந்து சங்கிலியை ஆராயத் தொடங்குவார். வீதி வெறிச்சோடும் வரை அந்த ஆராய்ச்சி தொடரும்.

அக்காலத்தைப் பற்றி இளையவர்கள் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வண்டி ஓடத் தெரிந்திருப்பது அப்போது ஓர் ஆபத்து. ஆயுதம் வைத்திருந்தவர்கள் யாராயிருந்தாலும் அவர்களுக்குச் சாரதிகள் தேவைப்பட்டார்கள். காயக்காரரை ஏற்ற, சாமான் ஏற்ற, சொல்லாமல் எங்கோ போய் வர. வீடு தேடி வந்து, "ஓடத் தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியும் என்று சொன்னவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. திரும்பியவர்களை மறு தரப்பு பிடித்துக்கொண்டு போனது. அதனால் அந்தக் கிராமத்தில் ஓடத் தெரிந்த ஆண்கள் எல்லோரும் தெரியாது என்றார்கள். அக்காவின் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்த உழவு இயந்திரச் சாரதி ஒருவர் தம் இயந்திரத்தை மழையில் நனையவிட்டுத் துருப்பிடிக்கச் செய்தார். கால் ஊனம் என்று காட்டுவதற்காக நொண்டவும் தொடங்கினார். சந்தைக்கும் கோயிலுக்கும் நொண்டியே போனார். நடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். எவரும் சொல்லமாட்டார்கள்.

ஓடத் தெரிந்தவர்கள் தெரியாது என்று சொன்ன ஊரில், ஓடத் தெரியாத ஒரே மனிதர் ஓடுவதாகக் காட்டிக்கொண்டிருந்தார். அவரை எவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் என்று விட்டுவைத்தார்கள். அது அவருடைய அதிர்ஷ்டம் என்று அப்போது எண்ணினோம்.

அக்கா இறந்த அந்த நாள் பற்றி நான் நேரிற் கண்டது குறைவு. பின்னர் அவர் சொன்னதிலிருந்தும், அன்று பதுங்குகுழியில், பங்கருக்குள், இருந்தவர்கள் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன்.

அறுவடைக் காலம். பிற்பகலில் வட்டைக்குள் செல் விழத் தொடங்கியது. சனங்கள் பங்கருக்குள் இறங்கினார்கள். அக்கா முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லை வாரப் போயிருந்தாள். ஒரு செல் பின்வளவில் விழுந்தது. அத்தான் ஓடிவந்து பார்த்தபோது அவள் நெல்லின் மேல் சாய்ந்திருந்தாள். தொடையில் காயம். சாரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். கட்டு உடனே நனைந்தது.

மோட்டார் சைக்கிள் முருங்கை மரத்தடியில் நின்றது. தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது.

அவர் வீதிக்கு ஓடினார். வளவு வளவாகப் பார்த்துக் கத்தினார். இத்தனை ஆண்டுகள் பொத்தி வைத்ததை, ஊர் முழுதும் கேட்கும்படி, அடித் தொண்டையிலிருந்து கத்தினார்.

"எனக்கு ஓடத் தெரியா! ஓடத் தெரிஞ்ச ஆரும் இரிக்கீங்களா? ஆரும் வாங்க! எனக்கு ஓடத் தெரியா!"

ஒருவரும் வரவில்லை.

திரும்பி ஓடினார். அக்காவைத் தூக்கிப் பின்னிருக்கையில் இருத்தி, தம் முதுகோடு சேலையால் கட்டி, வண்டியை உதைத்து இயக்கினார். படலை கடந்து சிறிது தூரம் போனது. ஒழுங்கை முடக்கில் சரிந்தது. இயந்திரம் நின்றது. இருவரும் மணலில் கிடந்தார்கள். மறுபடி உதைக்கப் போனவரின் கையை அக்கா பிடித்தாள்.

"வேணாம். ஏறாதீங்க. எண்டைக்கும் போலத் தள்ளுங்க. நான் பிடிச்சிட்டு இரிக்கன்."

அவர் தள்ளினார்.

கிரவல் வீதி. இடையிடையே மணல். உடைந்த மதகுகளில் வண்டியை ஏறக்குறையத் தூக்கிக் கடக்க வேண்டும். ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் அவளையும் பற்றியபடி தள்ளினார். செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. வழியில் அக்கா பேசிக்கொண்டே வந்தாளாம். முற்றத்து நெல்லை மாடு தின்னப்போகிறது என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். பிறகு பேசவில்லை. வாவி கண்ணுக்குத் தெரிந்தபோது அதன் மேல் ஒரு தோணியும் இல்லை. தோணி விடவும் அப்போது தடை.

சாவடியில் அவரை நன்கு அறிந்த அந்தச் சிப்பாய்தான் நின்றான். அங்கே நடந்ததைப் பின்னர் சொல்கிறேன். எனக்கே அது பிந்தித்தான் தெரியவந்தது. முடிவில் இராணுவத்தின் வாகனம் ஒன்றிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவு இருந்தது. கட்டிலருகே அத்தான் நின்றார். முழங்காலுக்குக் கீழே புழுதியும் இரத்தமும் பிசைந்து காய்ந்திருந்தன. பாதங்கள் பிளந்திருந்தன. அவர் நின்ற இடத்தில் தரையில் சிவப்பாகப் பாதத் தடம் விழுந்திருந்தது. தாதி ஒருத்தி அக்காவுக்கு மருந்தேற்றிக்கொண்டே, அவளை விழித்திருக்கச் செய்வதற்காகப் பேச்சுக் கொடுத்தாள்.

"அவ்வளவு தூரத்திலிருந்து எப்படியம்மா வந்த நீங்க?"

அக்காவின் உதடுகள் வறண்டிருந்தன. அத்தானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இவர்தான்... மோட்டச்சைக்கிள்ள ஏத்திட்டு வந்தவர்," என்றாள். "நல்லா ஓடுவார். விரசா ஓடிட்டு வந்தவர்."

தாதி அத்தானின் பாதங்களைப் பார்த்தாள். மருந்துக் குழாயைச் சரிசெய்தாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா இறந்தாள். வைத்தியர் வெளியே வந்து என் தோளைத் தொட்டார். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால்..." என்று தொடங்கினார். என் பின்னால் நின்றவரைக் கண்டதும் வாக்கியத்தை முடிக்காமல் உள்ளே போய்விட்டார். முடித்திருந்தாலும் அதில் புதிதாக எதுவும் இருந்திராது.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நான் ஊருக்குப் போனேன். உழவு இயந்திரச் சாரதி பந்தலின் ஓரத்தில் என்னைத் தனியே அழைத்தார். அவர் முகம் வற்றியிருந்தது.

"சேர், அண்டைக்கு ஐயா கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நானும் பங்கருக்குள்ளதான் இருந்தன். எழும்பினன். பொஞ்சாதி சட்டையைப் பிடிச்சு இழுத்துப்போட்டாள்."

"ஏன்?"

"ஐயாவுக்குத்தானே ஓடத் தெரியும். தெரிஞ்ச மனுசன் தெரியா எண்டு கத்தினா நாங்க என்னத்தை நினைக்கிற? ஆரோ துவக்கை நீட்டிட்டுப் பின்னால நிண்டு கத்தச் சொல்றானுகள் எண்டு நினைச்சம். ஓடத் தெரிஞ்சவனை வெளிய எடுக்கிறதுக்கு. மறுகா மோட்டச்சைக்கிள் இரைஞ்சு கேட்டது. பிறகு சத்தம் இல்ல. ஐயா அம்மாவை ஏத்திட்டுப் போயிட்டார் எண்டு மனம் ஆறிச்சு."

நான் நெடுங்காலம் தருக்கவியல் கற்பித்தவன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் காண முடியவில்லை. தமக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு அவர்கள் சரியாகவே சிந்தித்திருந்தார்கள். ஒவ்வொரு காலையிலும் அந்த இயந்திரத்தின் ஒலியை அவர்கள் கேட்டிருந்தார்கள்.

"அவருக்கு உண்மையாகவே ஓடத் தெரியாது," என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "துக்கத்தில நீங்களும் அப்படிச் சொல்றீங்க, சேர்."

சில மாதங்கள் கழித்து அத்தான் நகரத்துக்கு என்னைத் தேடி வந்தார். பேருந்தில் வந்திருந்தார். கதிரையின் நுனியில் அமர்ந்து, ஹெல்மெற் இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று அறியாதவர்போல் முழங்கால்களில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, அது உங்கட அக்காட வீடு. பிள்ளையும் இல்ல. முறைப்படி நான் எங்கட பக்கத்துக்குப் போகோணும். போகச் சொன்னாப் போறன்."

"இருங்க, அத்தான். அது உங்கட வீடுதான்."

"அதைச் சொல்லுறதுக்கு முன்னம் ஒண்டைக் கேளுங்க. கேட்டுப்போட்டுச் சொல்லுங்க."

அப்போதுதான் சாவடியில் நடந்ததைச் சொன்னார். சிப்பாய் ஓடிவந்து வண்டியைப் பிடித்திருக்கிறான். அக்காவைப் பார்த்துப் பதறியிருக்கிறான். "மாத்தையா, ஏன் தள்ளினது? ஏன் ஓடி வரேல்ல?" என்று கேட்டிருக்கிறான்.

"நான் பெற்றோல் இல்லை எண்டு சொன்னன், தம்பி."

முழங்கால்களில் கிடந்த தம் கைகளைப் பார்த்தார்.

"ஊருக்கே கத்திப்போட்டு வந்தவன். அவன்ட முகத்தைப் பாத்ததும் வாய் அதைத்தான் சொல்லிச்சு. யோசிச்சுச் சொல்லேல்ல. எண்டைக்கும் சொல்றதுதானே."

சாவடியில் எரிபொருள் தாங்கியைத் திறந்து பார்ப்பது வழக்கம். சிப்பாய் பழக்கத்தினாலேயே மூடியைத் திருகியிருக்கிறான். உள்ளே பெற்றோல் தளும்பியது. பெற்றோல் நிறைந்த வண்டியை இல்லையென்று தள்ளிக்கொண்டு வருகிறவன் எதனையோ மறைக்கிறான் என்பது அவனுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அவனுடைய துவக்கு அத்தானை நோக்கி உயர்ந்தது. வண்டியைத் தூரக் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். இருக்கையைக் கழற்றினார்கள். அத்தானை முழந்தாளில் நிறுத்தினார்கள். அக்காவை மண்மூட்டைகளின் நிழலில் வைத்திருந்தார்கள். மேலதிகாரி வந்து பார்த்து வாகனத்தை அழைக்கும் வரை அப்படியே. எவ்வளவு நேரம் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

"தெரியா எண்ட ஒரு சொல்லு," என்றார். "இப்ப சொல்லுங்க. அந்த வீட்டில நான் இருக்கலாமா?"

வாசலுக்கு வெளியே ஒரு சைக்கிள் மணி கேட்டுக்கொண்டே போயிற்று. அக்காவை நினைத்தேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"இருங்க," என்றேன்.

அதன் பின்னர்தான் அவர் சொல்லத் தொடங்கினார். முதலில் திணைக்களத்துக்குப் போய், எனக்கு ஓடத் தெரியாது, நியமனத்தின்போதும் தெரியாது என்று கூறி வண்டியின் திறப்புச் சாவியை மேசையில் வைத்தார். அங்கிருந்தவர்கள் எழுந்து நின்று ஆறுதல் சொன்னார்கள். மனைவியைக் கடைசியாக ஏற்றிய வண்டியைத் தொட மனம் வராமல் சொல்கிறார் என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். ஊரிலும் அப்படித்தான். தேநீர்க் கடையில் சொன்னபோது, "அண்டைக்குச் சொன்னது கட்டாயத்தில, ஐயா. இண்டைக்கு ஏன் சொல்றீங்க?" என்றார்கள். எத்தனையோ ஆண்டுகள் ஒவ்வொரு காலையிலும் முற்றத்தில் கட்டியெழுப்பிய பொய், அவர் உடைக்க முயன்றபோது உடையவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்ல மனிதர்கள் அவர்மேல் மேலும் இரக்கம் கொண்டார்கள். அவருக்கு வேண்டியிருந்தது இரக்கம் இல்லை. ஒரு மனிதராவது தம்மைப் பார்த்து, அப்படியானால் நீதான் அவளைக் கொன்றாய் என்று சொல்ல வேண்டும் என அவர் காத்திருந்ததாக எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் சொல்லவில்லை. அப்படி நான் நினைக்கவுமில்லை. நினைத்த நாட்களும் இருந்தன.

யுத்தம் முடிந்தது. பாலங்கள் வந்தன, சாவடிகள் போயின. படுவான்கரைப் பெண்பிள்ளைகள்கூட ஸ்கூட்டரில் பறந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, கையில் குடையோடு, அவர் வீதியோரமாக நடந்து போனார். முச்சக்கரவண்டிச் சாரதிகளிடம் சொன்னார்.

சென்ற மாசியில் அவர் இறந்தார். அக்காவின் வீட்டில், அவளுடைய கட்டிலில். குளிப்பாட்டும்போது நானும் நின்றேன். உள்ளங்கால்களில் வெடிப்புகள் ஆறிய வெண்தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பையன்கள் அவற்றைக் கவனிக்கவில்லை. வேட்டியை இழுத்து நான் அவற்றை மூடினேன்.

மயானத்தில், குழி மூடப்பட்ட பின்னர், உழவு இயந்திரச் சாரதி என் பக்கத்தில் வந்து நின்றார். கிழவராகியிருந்தார். இப்போதும் நொண்டினார், நொண்டுவதற்கு இனி ஒரு காரணமும் இல்லை என்பதை அந்தக் கால் மறந்துவிட்டது. சுற்றி நின்ற இளைஞர்களுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எங்கடா மோட்டச்சைக்கிள் ஓடத் தெரியும்? ஐயாவைப்போல ஓட ஒருத்தனாலயும் ஏலா. சுத்திவரச் செல் விழ விழ, அம்மாவைப் பின்னால ஏத்திட்டு ஒரே ஓட்டம். இந்தக் கிரவல் றோட்டில."

இளைஞர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவன் என் பக்கம் திரும்பினான். படித்தவர் சொன்னால் சரியாயிருக்கும் என்ற பார்வை.

"மெய்யா, சேர்?"

கிழவரின் கண்களும் என்மேல் இருந்தன. அவற்றில் ஒரு மன்றாட்டம் இருந்தது. அத்தான் ஓடியிருந்தால்தான், பங்கருக்குள் இருந்தவர் இருந்தபடியே இருந்தது பிழையாகாது.

வாய்வரை வந்த சொற்கள் எனக்குத் தெரிந்தவையே. அவர் தம் பிற்பாதி வாழ்வு முழுவதும் ஊருக்குச் சொல்ல முயன்ற சொற்கள். அவருக்காக அவற்றை நான் ஒருமுறை சொல்லியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளின் வறண்ட உதடுகளும் நினைவுக்கு வந்தன.

"ஓம்," என்றேன். "நல்லா ஓடுவார். விரசா ஓடிட்டு வந்தவர்."